பொட்டு வைத்த பிரேக்

மயிலாப்பூரில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டின் நடை, ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற அகலம்தான். அதில் ஒரு மோட்டார் பைக்கை நிறுத்தினால் மிச்ச இடத்தில் பூனை போகலாம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், தம்பியின் வண்டி அங்கே நின்றது. அம்மா மாவுக்கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து போவாள். அப்பா அதைப் பார்க்காமல் போவார். தம்பி தன் வண்டியின் முகத்தில் விழிக்க முடியாமல் கொல்லைச் சந்து வழியாக வெளியே போய் வந்துகொண்டிருந்தான். நான் மட்டும் தினமும் ஹேண்டில்பாரில் இடுப்பை இடித்துக்கொண்டு அதைத் திட்டினேன்.

நகர்த்தலாம் என்றால் முன்சக்கரம் சுற்றாது. லஸ் பக்கத்திலிருந்து அதை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். இறக்கிய இரண்டு பேரும் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, பின்சக்கரத்தில் உருட்டி, நடையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். அதோடு சரி.

அது எண்பதுகளில் கொஞ்ச காலம் வந்து நின்றுபோன ஒரு மாடல். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இன்றைக்கு அது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு மயிலாப்பூரில் சிக்னலில் நின்றால் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். தம்பி மருந்துக் கம்பெனியில் ரெப்ரசென்டேட்டிவ். டாக்டர் வீடுவீடாக அலைவதற்கு இந்த வண்டியைப் பழசாக வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினான் என்று சொன்னால் மிகையில்லை. அப்பாவுக்கு வண்டி பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்ட எந்தச் சாமானையும் கவனிக்காமல் அவரால் இருக்க முடியாது.

அப்பாவின் கவனிப்பு என்றால் எண்ணெய். ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு மூக்கு நீண்ட ஒரு தகரக் குப்பியில் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு முழுக்க ஒரு ரவுண்டு வருவார். கதவுக் கீல், ஃபேன், அடிபம்பு, என் குடையின் கம்பி வரைக்கும். "சத்தம் போடறதுன்னா எண்ணெய் கேக்கறதுன்னு அர்த்தம்" என்பார். எங்கள் வீட்டில் எதுவும் கிறீச்சிட்டு நான் கேட்டதில்லை. சரஸ்வதி பூஜை வந்தால் கேட்கவே வேண்டாம். காலையிலேயே எல்லாச் சாமானையும் இறக்கி, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, அதன் பிறகுதான் தன் கையால் சந்தனம் குங்குமம் வைப்பார். வேறு யாரும் பொட்டு வைக்கக் கூடாது. அந்த வருஷம் தம்பியின் வண்டிக்கும் அப்படித்தான் வைத்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தம்பி அதை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தபோது எல்லோரும் வாசலில் நின்று சிரித்தோம்.

அதன் பிறகு தீபாவளிக்குள் அந்த விபத்து நடந்தது.

அம்மா வீணை வாத்தியார். அடையாறில் ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ் வரவில்லை. அந்தப் பக்கம் வேலையாக வந்திருந்த தம்பி அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தான். தூறல். லஸ் முனைக்கு வருவதற்குள் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பிரேக்கைப் பிடித்தான். முன்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி சரிந்து, அம்மா கையை ஊன்றி விழுந்தாள். அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அம்மாவுக்கு மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. வலது மணிக்கட்டு, மீட்டுகிற கை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். "மழை ஈரத்துல முன் பிரேக்கைப் பிடிச்சிருக்கான். பின்னாடி பெத்தவ உட்கார்ந்திண்டிருக்காங்கற நெனப்பு வேண்டாமோ?" அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார், அவன் காதில் விழுகிற மாதிரி. அதற்கப்புறம் அவனோடு பேச்சே இல்லை. வீட்டுக்கு யார் பார்க்க வந்தாலும் இதே வாக்கியம். ஒரு மாமா வந்தாலும் இதே, பக்கத்து வீட்டு மாமி வந்தாலும் இதே. தம்பி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

அவன் மறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மறுக்கவில்லை. அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். அம்மா இடது கையால் தோசை திருப்பத் திணறுவதைப் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுவான். கம்பெனியில் கேட்டு, வண்டி ஓட்ட வேண்டாத வேலையாக, பூனா ஆபீசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். பொங்கல் கழித்துப் போக வேண்டும். "நான் இங்க இருந்தா அம்மா கையைத்தான் பார்த்துண்டே இருக்கணும்" என்றான். என் தம்பி தன் அம்மாவை முடமாக்கியவன் என்று நம்பிக்கொண்டு ஊரை விட்டுப் போகப்போகிறான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். அங்கே பிப்பெட்டை உடைக்கிற பெண்களுக்கும் தெரியும். ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வழக்கம்போல இடித்துக்கொண்டு, கோபத்தில் அந்த முன்சக்கரத்தை ஓங்கி உதைத்தேன். அது அசையவில்லை. காலைத் தேய்த்துக்கொண்டே நின்றவளுக்கு அப்போதுதான் தோன்றியது. பிடித்த பிரேக்கை விட்டால் சக்கரம் விட வேண்டாமா? விழுந்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது. இப்போது யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சாயங்காலம் தம்பியைக் கேட்டேன். "நீ பிடிச்சே. சரி. விட்டியா?"

"விட்டிருப்பேன்."

"விட்டிருப்பியா, விட்டியா?"

"விட்டேன்க்கா. விழறதுக்கு முன்னாடியே கையை எடுத்துட்டேன். இப்ப எதுக்கு அதெல்லாம்? பிடிச்சது நான்தானே."

அடையாறு பாலத்திலேயே வண்டி இழுக்கவில்லை என்றும் சொன்னான். மழைக்காலமாயிற்றே, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று நினைத்து முறுக்கிக்கொண்டு வந்தானாம். பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காதே என்றேன். அதற்கு மேல் பேச அவனுக்கு மனசில்லை.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தான். குந்தி உட்கார்ந்து சக்கரத்தை ஆட்டினான்.

"டிஸ்க்குலாம் நம்மளாண்ட வேணாம்க்கா. சுத்தியால ரெண்டு போட்டா வுட்டுரும். அப்பால பிரேக்கு இருக்காது."

"உள்ள என்ன ஆயிருக்குன்னு சொல்ல முடியுமா?"

"அது இன்னா ஆச்சோ, கடவுளுக்குத்தான் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அப்பா உள்ளேயிருந்து, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன்.

மார்கழி பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கோயிலுக்கும் அப்பா கச்சேரிக்கும் போயிருந்தபோது, ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு நடையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். எனக்கு மோட்டார் பைக் தெரியாது. ஆனால் அழுத்தம் தெரியும். ஹேண்டில்பாரில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சின்ன டப்பா. அதில் பிரேக் ஆயில். லீவரை அழுத்தினால் அந்தத் திரவம் குழாய் வழியாகக் கீழே இறங்கி, காலிபர் என்கிற இரும்புக் கவ்விக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் கட்டையை அழுத்தி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வவைக்கிறது. லீவரை விட்டால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அது இழுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று பார்க்க வேண்டும்; அவ்வளவுதான் வேலை.

முதலில் டப்பாவின் மூடி. அதில்தான் சந்தனப் பொட்டு இருந்தது. மழை மேலே கழுவிவிட்டிருந்தாலும், மூடியைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளின் பள்ளத்தில் சந்தனம் அடைந்து கெட்டித்துப்போய்க் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் உட்காரவே இல்லை. குண்டூசியால் நோண்டி எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது: பூஜைக்குப் பிறகு இந்த மூடியை யாரும் திறக்கவில்லை. உள்ளே என்ன இருந்தாலும் அது பொட்டு வைப்பதற்கு முன்னால் போனது.

உள்ளே இருந்ததை ஒரு மருந்து பாட்டிலில் உறிஞ்சி எடுத்து வைத்தேன். கீழே காலிபரைக் கழற்றுவதற்குள் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. டிஸ்க்கை விட்டு அது வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. இரண்டு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி, கடைசியில் கையோடு வந்தபோது பின்னால் சுவரில் போய் இடித்துக்கொண்டேன். பிஸ்டன் அதற்குள்ளிருந்து அசையவில்லை. இடுக்கியால் இழுத்தாலும் இல்லை, வெந்நீரில் போட்டாலும் இல்லை.

அதைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். காற்றடித்துத் தள்ள வேண்டும், வேறு வழியில்லை.

"இன்னாக்கா இது?" என்றார் கடைக்காரர், வாங்கித் திருப்பிப் பார்த்து.

"பிரேக். இந்த ஓட்டைல காத்து அடிங்கோ. உள்ள ஒண்ணு மாட்டிண்டிருக்கு, அது வெளில வரணும்."

"மூஞ்சில அடிச்சிடப் போவுது. அடிச்சா உங்க வூட்ல யார் பதில் சொல்றது?"

சொல்லிக்கொண்டே அவர் அதைக் கோணிச் சாக்கில் போட்டு, மேலே ஒரு பழைய டயரைக் கவிழ்த்து, காலால் மிதித்துக்கொண்டார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். காற்று உள்ளே போகிற இரைச்சல் கொஞ்ச நேரம். பிறகு பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டயர் ஒரு சாண் எகிறி விழுந்தது.

"யம்மாடி! போலீஸ் வரப்போவுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மாதங்களில் நான் சிரித்தது அன்றைக்கு ஒருதரம்தான் என்று நினைக்கிறேன்.

பிஸ்டனைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் ஊறின கொண்டைக்கடலை போல உப்பியிருந்தது. அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. விட்டால் பழைய வடிவத்துக்கு வரவில்லை. வெட்டிய பள்ளத்துக்குள் அடங்காமல் பிதுங்கி, பிஸ்டனை அப்படியே இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பிரேக்கைப் பிடித்தவன் கையை எடுத்தாலும் இது எடுக்காது.

மறுநாள் லேபில் அந்த மருந்து பாட்டிலில் இருந்ததை ஒரு டெஸ்ட் டியூபில் ஊற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பெண்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தினேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு அடுக்கு. கீழே பழுப்பாகப் பிரேக் ஆயில். மேலே, அதோடு ஒட்டாமல், நிறமே இல்லாமல் வேறொரு எண்ணெய். டியூபை மூக்குக்கருகே கொண்டுபோனேன். அதற்கப்புறம் எனக்குச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை அது. ஒவ்வொரு கதவுக் கீலிலும், ஃபேனிலும், என் குடையிலும் இருக்கிற வாசனை.

இருந்தாலும் செய்தேன். கோபக்காரிகள் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் அது சரிதானா என்று இரண்டு மடங்கு பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கோபத்தில் சொல்கிறாள் என்று தள்ளிவிடுவார்கள். மோட்டார் சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோடில் தேடி அதே அளவில் புது ரப்பர் வளையங்கள் வாங்கினேன். ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைப் புதுப் பிரேக் ஆயில் விட்ட டியூபிலும் இன்னொன்றைத் தையல் மிஷின் எண்ணெய் விட்ட டியூபிலும் போட்டேன். முதலாவது போட்டபடி இருந்தது. இரண்டாவது நாளுக்கு நாள் பருத்தது.

தம்பியை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். துணி காய்கிற கொடிகளுக்கு நடுவே நின்று அவன் இரண்டு டியூபையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பொட்டைப் பற்றிச் சொன்னபோது அவன் முகம் மாறியது.

"அன்னிக்குக் காலம்பற அப்பா வண்டிகிட்ட ரொம்ப நாழி உட்கார்ந்திண்டிருந்தார்க்கா. நான் குளிச்சுட்டு வந்தப்போ, 'உன் பிரேக்குல எண்ணெய் அடில போயிடுத்துடா, ரொப்பிட்டேன், லீவரை நன்னா அமுக்கி அமுக்கி இறக்கியும் விட்டுட்டேன்'னார். நான் தேங்க்ஸ்ப்பான்னேன்."

"அதான்."

"அப்போ நான் இல்லையா?"

"நீ இல்லைடா."

"நான் பிடிச்சதுனால இல்லையா?"

"நீ எப்படிப் பிடிச்சிருந்தாலும் அது நின்னுதான் போயிருக்கும்."

அவன் தண்ணித்தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்போ நான் இல்லையா" என்று மறுபடியும் கேட்டான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாகிட்ட சொல்லாதே" என்பதுதான். "அவரா ஒருநாள் புரிஞ்சுண்டு சொல்லட்டும்."

நான் சொல்லாமல் இருக்கிற ரகம் இல்லை. அன்று சாயங்காலமே டெஸ்ட் டியூப் ஸ்டாண்டைக் கொண்டுபோய் அப்பாவின் ஈசிசேருக்கு எதிரே, தையல் மிஷின் மேல் வைத்தேன். உப்பிய ரப்பரையும் புது ரப்பரையும் பக்கத்தில் வைத்தேன். எது எதனால் என்று சொன்னேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மேலடுக்கு எண்ணெயை ஒருதரம் முகர்ந்தும் பார்த்தார்.

"ஒரு சொட்டு எண்ணெய் விட்டதுக்காடி இவ்வளவு கதை? உங்க காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தராளா?"

"ஒரு சொட்டு இல்லைப்பா. டப்பாவை ரொப்பியிருக்கேள்."

"பிரேக்கை அமுக்கினது யாரு? நானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து அம்மா, "போறும். நிறுத்து" என்றாள். என்னை உள்ளே கூப்பிட்டு, கட்டுப்போட்ட கையை மேடை மேல் வைத்துக்கொண்டு, மெதுவான குரலில் பேசினாள். "எனக்குக் கை போயிடுத்து. அது போனது போனதுதான். அவருக்கு மிச்சம் இருக்கறது என்ன? எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துப் பண்றோம்ங்கற நெனப்பு ஒண்ணு. அதையும் பிடுங்கிட்டா மனுஷர் என்ன பண்ணுவார்?"

"அவனுக்கு?"

"அவன் சின்னவன். தாங்கிப்பான்."

அப்பா மேல் வந்த கோபம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. அம்மாவின் அந்த ஒரு வார்த்தை மேல் வந்தது இன்னும் முழுசாக ஆறவில்லை. தாங்கிக்கொள்கிறவன் தலையில்தான் எல்லாவற்றையும் ஏற்றுவது என்பது எங்கள் வீட்டில் மட்டும் இருக்கிற வழக்கம் இல்லை, தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

பொங்கலுக்கு முன்னால் நானும் தம்பியும் சேர்ந்து வண்டியைச் சரிசெய்தோம். குழாய் முழுக்க ஸ்பிரிட்டால் கழுவி, மேலேயும் கீழேயும் ரப்பரையெல்லாம் மாற்றி, பிஸ்டனைப் பளபளப்பாகத் தேய்த்து மாட்டினோம். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பெரிய பாடு. அவன் மேலே லீவரை அழுத்திப் பிடிக்க, நான் கீழே திருகைத் திறந்து, குமிழி வருவதைப் பார்த்து மூட வேண்டும். "பிடி", "விடு", "பிடி", "விடு" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். கடைசியில் தம்பி வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினான். அது சுற்றியது. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே போவதற்காக நடைக்கு வந்த அப்பா, சக்கரம் ஓய்கிற வரைக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். ஓய்ந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே போனார்.

தம்பி வண்டியை ரயிலிலேயே புக் பண்ணிக் கூடக் கொண்டுபோனான். சென்ட்ரலில் அப்பாவுக்கு நமஸ்காரம் பண்ணினான். "ஜாக்கிரதையா இரு" என்றார் அப்பா. தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ரயில் நகர்கிற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போர்ட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடை காலியாகிவிட்டது. ஆனால் நாங்கள் எல்லோரும் ரொம்ப நாளைக்கு அந்த இடத்தில் சுவரை ஒட்டியே நடந்தோம். அம்மாவின் கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்; கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். பெண்களுக்கு வாயால் பாடிக் காட்டியே சொல்லிக்கொடுத்தாள். வந்தவர்கள் கை எப்படி ஆயிற்று என்று கேட்டால் அப்பா இப்போது வேறு பதில் சொன்னார். "மழை. ரோடு வழுக்கிடுத்து." பழி தம்பியிடமிருந்து மழைக்குப் போயிருந்தது. அதற்கே நான் சந்தோஷப்பட வேண்டும் என்று அம்மா நினைத்தாள். நான் படவில்லை.

வெயில் காலத்தில் ஹால் ஃபேன் முனக ஆரம்பித்தது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு வாசல் கேட். பிறகு அடிபம்பு; காலையில் தண்ணீர் அடித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு மாமி, "உங்காத்து மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னை விசாரித்தாள். அப்போதுதான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய்க் குப்பி பழைய பேப்பரில் சுற்றி, சணலால் கட்டி, பின்னால் தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

அடுத்த சரஸ்வதி பூஜைக்குத் தம்பி லீவில் வந்தான். காலையில் அப்பா எல்லாச் சாமானையும் இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார், அவ்வளவுதான். தம்பி வாசல் கேட்டைத் திறந்து மூடினான், அது கத்தியது. உள்ளே போய் அலமாரியிலிருந்து குப்பியைத் தேடி எடுத்து, சணலைப் பிரித்துக்கொண்டு வந்தான். நான் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"வை அதை" என்றார் அப்பா.

"கேட் கத்தறதேப்பா."

"கத்தட்டும். யாரும் எதுக்கும் எண்ணெய் விட வேண்டாம்."

தம்பி குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அப்பா துடைத்துக்கொண்டிருந்த அரிவாள்மணையைக் கீழே வைத்தார்.

"நான் விட்ட எண்ணெய்தான்டா உங்கம்மா கையை வாங்கிடுத்து. நீ இல்லை."

அரைத்துக்கொண்டிருந்த கை எனக்கு நின்றுவிட்டது. உள்ளே அம்மாவின் கரண்டிச் சத்தமும் நின்றது.

"தெரியும்ப்பா" என்றான் தம்பி.

"எப்போ?"

"பூனா போறதுக்கு முன்னாடியே. அக்கா சொன்னா."

"தெரிஞ்சிருந்துமா ஒண்ணும் கேக்காம போனே?"

"நீங்களா சொல்வேள்னு, ரயில் கிளம்பற வரைக்கும் உங்களையே பார்த்துண்டிருந்தேன்."

 அப்பா துடைக்கிற துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். தொடவில்லை, தோளோடு தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தான், அவ்வளவுதான். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று இருவரையும் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே போய், இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டாள். போட்டது இடது கையால்.